பழைய கைகளுக்கு வரைந்த பலகை

கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் பதினான்கு ஆண்டுகள் ஜிக், ஃபிக்ஸ்ச்சர் எனப்படும், வேலை நடக்கும்போது பாகத்தைப் பிடித்துக்கொள்ளும் கருவிகளை வரைவது என் வேலையாக இருந்தது. துளையிடும்போது வார்ப்பை இம்மியும் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், துளையிட்டு முடித்ததும் தொழிலாளி கைப்பிடியை ஒரு தட்டுத் தட்டினால் விட்டுவிட வேண்டும் என்பதுதான் அந்தத் தொழிலின் பாலபாடம். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு இதை எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்த நான், என்னுடைய சக்கர நாற்காலிக்கு நானே வரைந்த பலகையில் அதைக் கோட்டை விட்டேன். அதன் விளைவு ஒன்பது வாரப் படுக்கை. செலவு ஐம்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. தண்டுவடப் பாதிப்போடு புதிதாக வீடு திரும்பியவர்களும், அவர்களுக்கு ஏதாவது செய்து கொடுக்க வேண்டும் என்று நல்லெண்ணத்தோடு பட்டறைக்குக் கிளம்பும் உறவினர்களும் பணத்தை எடுப்பதற்கு முன் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2018 ஆகஸ்டில் இரவுப் பணி முடிந்து திரும்புகையில் நாய் குறுக்கே பாய்ந்ததில் வண்டியோடு விழுந்தேன். கழுத்தில், மருத்துவர்கள் சி-6 என்று எழுதும் நிலையில், தண்டுவடம் முழுமையாகப் பாதிக்கப்பட்டது. அது கைகளுக்கு என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மேற்கொண்டு சொல்லப்போவது எல்லாம் அதைச் சார்ந்தே இருக்கிறது. எனக்குத் தோள் வேலை செய்கிறது, முழங்கையை மடக்க முடிகிறது, மணிக்கட்டை மேல்நோக்கி நிமிர்த்த முடிகிறது. முழங்கையை வலுவாக நீட்டும் தசை சி-7 நிலையைச் சேர்ந்தது என்பதால் அது எனக்கில்லை. ஆகவே இழுப்பது என்னால் ஆகும், தள்ளுவது ஆகாது. விரல்களில் ஒன்றும் தானாக மடங்காது. மணிக்கட்டை நிமிர்த்தினால் மட்டும் தசைநாண்கள் இழுபட்டு விரல்கள் உள்ளே சுருளும், கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் போய் ஒட்டும். டெனோடெசிஸ் பிடி என்று சொல்லப்படும் அந்தச் சின்னஞ்சிறு பிடியில்தான் என் கரண்டியும் செல்போனும் நிற்கின்றன. மார்புக்குக் கீழே தொடு உணர்வு இல்லை, உடம்பை நிமிர்த்திப் பிடிக்கும் தசைகளும் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு முதலில் வாங்கியது நெஞ்சைச் சுற்றிக் கட்டும் பெல்ட். சாய்ந்துவிடாமல் இருப்பதற்காக இணையத்தில் 2,350 ரூபாய்க்கு வரவழைத்தேன். காரில் இருப்பதைப் போன்ற சிவப்புப் பொத்தான் பக்கிள். விளம்பரப் படத்தில் பார்க்க நம்பிக்கையாக இருந்தது. அடுத்தது, மடிக்கு மேலே பொருத்திக்கொள்ளும் பலகை. கைக்குப் பட்டை கட்டி, அதில் குச்சியைச் செருகி, ஒவ்வொரு விசையாகத் தட்டி, மடிக்கணினியில் நானே வரைந்தேன். 12 மில்லிமீட்டர் பிளைவுட், மேலே சன்மைக்கா, 60 சென்டிமீட்டர் அகலம், 50 ஆழம், ஆர்ம்ரெஸ்ட் குழாயைக் கவ்விக்கொள்ள இரண்டு பக்கமும் எஃகுப் பட்டி, அதை இறுக்க, விரல்களால் திருகும் விங் நட். விபத்துக்குப் பின் நான் செய்த முதல் வரைபடம் அது. தச்சரும் வெல்டிங்காரரும் சேர்த்து 6,200 ரூபாய் வாங்கிக்கொண்டு, வரைந்தது வரைந்தபடியே செய்து கொடுத்தார்கள். அன்று இரவு அந்தப் பலகையில் தட்டை வைத்துச் சாப்பிட்டபோது, பழையபடி ஏதோ ஒன்று கைக்கு வந்துவிட்டதைப் போலிருந்தது.

எட்டு மாதம் ஒரு குறையும் தெரியவில்லை. ஏனென்றால் காலையில் மனைவி பெல்ட்டைப் பூட்டுவாள், விங் நட்டை இறுக்குவாள், வேண்டும்போது வந்து கழற்றுவாள். வீட்டில் யாராவது இருந்துகொண்டே இருந்ததால், அந்த இரண்டு பொருட்களையும் நான் ஒரு நாள்கூடத் தனியாகக் கழற்றிப் பார்த்ததில்லை என்பதே என் நினைவில் எழவில்லை. ஒரு கருவியின் குறையை உதவிக்கு வரும் கைகள் எவ்வளவு சாமர்த்தியமாக மறைத்துவிடும் என்பதை அப்போது நான் அறியவில்லை.

2020 பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, வங்கிக்குப் போய் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவதாகச் சொல்லி, மனைவி வெளிக்கதவைச் சாத்திவிட்டுப் புறப்பட்டாள். அங்கே சர்வர் வேலை செய்யவில்லை, வரிசை நகரவில்லை. அவள் அழைத்தபோது பலகை மேலிருந்த செல்போன் அதிர்ந்தது. வழவழப்பான சன்மைக்காவில் அது அதிர அதிர என்னை விட்டு விலகி நகர்ந்து, விளிம்பைத் தாண்டித் தரையில் விழுந்து, அங்கே கிடந்தபடி இன்னும் சிறிது நேரம் அதிர்ந்துவிட்டு நின்றது. பலகைக்கு விளிம்புச் சட்டம் வைக்கலாமா என்று வரையும்போது யோசித்து, அழகாக இராது என்று விட்டுவிட்டேன். விழுந்த போனை எடுக்கக் குனிய வேண்டும். குனியப் பலகையைக் கழற்ற வேண்டும். என்னால் விங் நட்டைத் திருக முடியாது.

அரை மணி நேரம் கழித்துத் தலைவலி தொடங்கியது. பின்மண்டையில் சம்மட்டி அடிப்பதைப் போன்ற வலி. நெற்றி வியர்த்து வழிந்தது, கைகளில் மயிர்க்கூச்செறிந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியும். ஆறாவது மார்பு முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு, கீழே உடம்பு படும் ஏதோ ஒரு உபாதை, நிறைந்த மூத்திரப்பையோ இறுகிய கட்டோ, இரத்த அழுத்தத்தைத் தாறுமாறாக ஏற்றிவிடும். அட்டானமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா என்பது அதன் பெயர். கவனிக்காவிட்டால் மூளையில் இரத்தக் கசிவுவரை போகும். நிமிர்ந்து உட்கார், இறுக்கமான எதையும் தளர்த்து, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார் என்று மருத்துவமனையில் மனப்பாடம் செய்ய வைத்திருந்தார்கள். நிமிர்ந்துதான் இருந்தேன். தளர்த்த வேண்டிய பெல்ட்டின் பொத்தானைக் கட்டைவிரல் முட்டியால் அழுத்தினேன், மணிக்கட்டின் எலும்பால் அழுத்தினேன், பலகை விளிம்புக்குக் கீழே கையை நுழைக்க இடமில்லாமல் கடைசியில் தாடையைக் குனித்துக்கூட முயன்றேன். மனிதனைப் பத்திரமாகப் பிடித்து வைப்பதற்காகச் செய்த பக்கிள், தன் கடமையைச் செவ்வனே செய்துகொண்டிருந்தது. கத்தவும் வழியில்லை, விலாவிடைத் தசைகள் இல்லாதவனின் குரல் அடுத்த அறைவரைதான் போகும். பள்ளிவிட்டு வந்த பக்கத்து வீட்டுப் பையன் சன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “மாமா, ஏன் உங்க மூஞ்சி இப்படிச் சிவந்திருக்கு?” என்று கேட்டபோது நான்கே கால் மணி. மனைவி போய் மூன்று மணி நேரத்துக்கு மேலாகியிருந்தது. அவன் தன் அம்மாவைக் கூட்டி வந்தான். பெல்ட்டை அவிழ்த்து, தொடைக்கடியில் மடங்கிக் கிடந்த குழாயை நேராக்கிய சில நிமிடங்களில் தலைவலி இறங்கியது.

பயம் அன்றோடு போயிற்று; சேதம் இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. இடது உட்காரும் எலும்புக்கு நேரே தோல் கறுத்து, பிறகு உரிந்தது. நாற்காலியில் இருப்பவர்கள் பதினைந்திலிருந்து முப்பது நிமிடங்களுக்கு ஒரு முறை முன்னாலோ பக்கவாட்டிலோ சாய்ந்து, அமரும் இடத்தின் அழுத்தத்தைக் குறைந்தது ஓரிரு நிமிடமாவது விலக்க வேண்டும். என் பலகை முன்னால் சாய்வதைத் தடுத்தது, என் பெல்ட் பக்கவாட்டில் சாய்வதைத் தடுத்தது. அந்த ஒரு பிற்பகலை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. எட்டு மாதமாக “அப்புறம் கழற்றிக்கொள்ளலாம், அவளுக்கு எதற்குத் தொந்தரவு” என்று நான் விட்டுவிட்ட சாய்தல்கள் அனைத்தும் சேர்ந்துதான் அந்தப் புண். மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்ததும், கட்டு மாற்ற வந்துகொண்டிருந்த செவிலியரும் வர இயலாமல் போக, மனைவியே காணொளியில் பார்த்துக் கற்றுக்கொண்டு கட்டினாள். மருந்துக்கும் கட்டுத் துணிக்கும் காற்று மெத்தைக்குமாக ஏறத்தாழ 31,000 ரூபாய் ஆயிற்று. வீட்டிலிருந்து நான் செய்துகொண்டிருந்த வரைபட வேலையும் ஒன்பது வாரம் நின்றது.

ஒருக்களித்துப் படுத்த நிலையில் அந்தப் பழைய வரைபடத்தைத் திரையில் திறந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் எனக்கு உறைத்தது. விங் நட்டைப் போட்டவன் விங் நட்டைத் திருகத் தெரிந்தவன். அந்தக் கைகள் 2018லேயே போய்விட்டன. வரைந்த மூளைக்கு மட்டும் அந்தச் செய்தி எட்டவில்லை. தொழிற்சாலையில் என்றால் எந்த ஆள், எந்தக் கை, எத்தனை கிலோ விசை என்று கேட்காமல் பென்சிலைத் தொட்டிருக்க மாட்டேன். ஆகவே புதிய தாளில் பலகையைப் பற்றி ஒரு கோடுகூடப் போடாமல், என் கைகளைப் பற்றி எழுதினேன்: இழுப்பு உண்டு, தள்ளுதல் இல்லை, தூக்குதல் உண்டு, திருகுதல் இல்லை, கட்டைவிரலைக் கொக்கியாக மாட்டலாம், கிள்ள முடியாது, பார்க்க முடியாத இடத்தில் தொட்டு உணரவும் முடியாது. இந்த நான்கு வரியை உங்களுக்கோ உங்கள் வீட்டிலிருப்பவருக்கோ ஏற்றபடி எழுதிக்கொள்ளாமல் கடைக்கோ பட்டறைக்கோ போகவேண்டாம். ஒரே சி-6 என்று எழுதியிருந்தாலும் இருவருடைய கைகள் ஒன்றாக இருப்பதில்லை.

முதலில் பெல்ட்டை எடுத்துக்கொண்டேன். வெல்க்ரோவுக்கு ஒரு குணமுண்டு: பட்டையின் நீளவாக்கில் இழுத்தால் விடாப்பிடியாகப் பிடிக்கும், நுனியிலிருந்து உரித்தால் சட்டென்று விட்டுவிடும். நெஞ்சு முன்னால் சாயும்போது வரும் விசை நீளவாக்கில் வருகிறது, கழற்ற வரும் விசை உரிக்கும் திசையில் வருகிறது. எனக்கு வேண்டியது இதுவன்றி வேறென்ன. ஊரடங்கு தளர்ந்த பின், ஆட்டோவுக்கு ரெக்சின் சீட் தைக்கும் ஒருவரிடம் ஐந்து சென்டிமீட்டர் அகலப் பட்டையைக் கொடுத்துத் தைக்கச் சொன்னேன். பட்டை வலப்பக்கத்திலிருந்து வந்து நெஞ்சின் நடுவில் முடியவேண்டும், பின்னாலோ அக்குளுக்கு அருகிலோ முடியக் கூடாது. நுனியில் கட்டைவிரல் தாராளமாக நுழையும்படி ஒரு வளையம், அது தொங்கிப்போகாமல் விறைப்பாக நிற்க உள்ளே துண்டு நெகிழி. வலக் கட்டைவிரலை அதில் மாட்டி முழங்கையை வெளிப்புறமாக அகற்றினால், தோளின் வலுவிலேயே பட்டை உரிந்துவிடுகிறது. “ஏனுங்க, இத்தன சுலுவா வந்துட்டா அப்புறம் எதுக்குங்க பெல்ட்டு?” என்று தைத்தவர் கேட்டார். நியாயமான கேள்விதான். பாதுகாப்புக்கும் பூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவருக்கு விளக்க எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது. அந்தப் பெல்ட்டின் அடக்கம் 240 ரூபாய். ஒன்று மட்டும்: வெல்க்ரோவின் கொக்கிப் பக்கத்தில் தலைமுடியும் நூலும் சேரச் சேரப் பிடிப்புக் குறையும், வாரம் ஒரு முறை பழைய பல்துலக்கியால் வாரிவிட வேண்டும், பிடிப்புத் தளர்ந்துவிட்டால் இரக்கம் பார்க்காமல் மாற்றிவிட வேண்டும்.

பலகைக்கு வருமுன் இன்னும் இரண்டு முறை ஏமாந்தேன். எளிதில் கழன்று வரட்டும் என்று 900 ரூபாய்க்கு வலுவான காந்தங்கள் வாங்கி, அவை ஒட்டுவதற்கு ஸ்டெயின்லெஸ் தகட்டைப் பொருத்தச் சொன்னேன். காந்தம் ஒட்டவே இல்லை. நம் பாத்திரங்களிலும் கைப்பிடிச் சட்டங்களிலும் பெரும்பாலும் வரும் 304 போன்ற ரகங்களைக் காந்தம் ஏறக்குறையப் பிடிப்பதே இல்லை என்பது இரும்போடு பதினான்கு ஆண்டு வாழ்ந்தவனுக்கு மறந்துவிட்டது. அடுத்து, அளவை மாற்றி இரண்டாவது பலகை ஒன்றை 3,800 ரூபாய்க்குச் செய்ததில், அது சக்கரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு குளியலறைக் கதவில் இடித்தது. அத்தோடு பட்டறையை விட்டுவிட்டு, பழைய டிவி அட்டைப்பெட்டியை வெட்டி, நாடாவால் ஒட்டி, வாரக்கணக்கில் அட்டையிலேயே செய்து பார்த்தேன். அட்டையில் கண்டுபிடிக்கும் தவறுக்கு விலை இல்லை. இரும்பில் கண்டுபிடிப்பதற்குத்தான் வெல்டிங்காரர் பில் போடுகிறார்.

இப்போதிருக்கும் பலகை அரைப் பலகைதான். 35 சென்டிமீட்டருக்கு 30. சமையலறையில் காய் நறுக்கும் வெள்ளை நெகிழிப் பலகையை வாங்கி அறுத்தது. லேசானது, வெயிலில் எஃகைப் போலக் கொதிக்காது. கொதித்தால் தொடைக்குத் தெரியாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சூடான டம்ளரை மடியில் இடுக்கிக்கொண்டு போய், மாலையில் கொப்புளத்தைப் பார்த்துத்தான் சங்கதி தெரிந்துகொண்டவர்களை நான் அறிவேன். சுற்றிலும் ஒரு விரல் உயரத்துக்கு விளிம்பு வைத்திருக்கிறேன். அழகைப் பற்றி இப்போது கவலையில்லை. ஒரே பக்கத்தில், ஆர்ம்ரெஸ்டின் முன்குழாய்க்குள் இறங்கும் ஒரு கம்பியில் அது சுழல்கிறது. குழாயின் வாயில் வெட்டிய சிறு பள்ளத்தில் தன் எடையாலேயே உட்கார்ந்துகொள்கிறது. முன்கையை அடியில் கொடுத்து அரை அங்குலம் தூக்கினால் பள்ளத்தை விட்டு எழும், அப்படியே கையை வெளியே விலக்கினால் நாற்காலியின் பக்கவாட்டுக்குப் போய்விடும். விரல்களுக்கு இதில் வேலையே இல்லை. கடைசலும் வெல்டிங்கும் சேர்த்து 1,100 ரூபாய். வெளியே போனாலும் குழாயிலேயே இருப்பதால் எங்கே வைப்பது என்ற கேள்வியும் எழுவதில்லை.

அந்தக் கடைசிக் குணத்தைக் கற்றுக்கொடுத்தது பிரேக். நாற்காலியோடு வந்த பிரேக் முன்னால் தள்ளினால் பூட்டும் வகை. தள்ளுதல் இல்லாதவனுக்கு அது சுவரில் வரைந்த பிரேக்குக்குச் சமம். நீளமான கைப்பிடி ஒன்றை வெளிநாட்டிலிருந்து 4,600 ரூபாய்க்குத் தருவித்தேன், துளை பொருந்தவில்லை, திருப்பி அனுப்பவும் முடியவில்லை. பின்னர் சைக்கிள் கடையில் பிரேக்கை இழுத்தால் பூட்டும்படி திருப்பி மாட்டச் சொல்லி, மின்கம்பி போகும் பிவிசி குழாய்த் துண்டைக் கைப்பிடியில் செருகினேன். பத்து சென்டிமீட்டர் கைப்பிடி முப்பதானால் வேண்டிய விசை மூன்றில் ஒன்றாகும். நாற்பது ரூபாய்க்கு இதைவிட நல்ல பேரம் இல்லை. ஆனால் கட்டிலுக்கு மாறும்போது அந்த நீளம் தொடையில் இடிக்கும் என்பதால் குழாயை உருவி வைக்க வேண்டும், உருவியது ஒவ்வொரு முறையும் கீழே உருண்டு ஓடும். எனக்குத் தரை என்பது அடுத்த ஊர் மாதிரி. அதனால் கழலக்கூடிய ஒவ்வொன்றையும், குழாய், செல்போன், கரண்டிப் பட்டை, எல்லாவற்றையும் நாற்காலியோடு நாடாவால் பிணைத்துவிட்டேன். நாடா சக்கரத்தின் ஆரக்கம்பிகளை எட்டாத நீளத்தில் இருக்க வேண்டும். எட்டினால் என்னவாகும் என்பதை ஒரு இறக்கத்தில் தெரிந்துகொண்டேன்.

இவ்வளவுக்கும் பிறகுதான் மறுவாழ்வு மையம் ஒன்றில், அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்றும் செயல்முறைச் சிகிச்சை நிபுணர் ஒருவரைப் பார்த்தேன். அவர் பொருளை விற்கவில்லை, என் கைகளை இருபது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் படுக்கையில் எழுதிய நான்கு வரியை அவர் தன் குறிப்பேட்டில் இன்னும் சுருக்கமாக எழுதினார். முதல் மாதமே போயிருந்தால் பொருட்களில் வீணான 17,850 ரூபாயில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும். நம் பக்கத்தில் இதற்கு வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சைகள் செய்த டாக்டர் மேரி வர்கீஸ் 1966இல் வேலூரில் தொடங்கிவைத்த மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் ஆய்க்குடியில் நிறுவிய அமர் சேவா சங்கம் இருக்கிறது. சென்னை ஐஐடியில் சக்கர நாற்காலி போன்ற உதவிக் கருவிகளை ஆராயும் மையம் இருக்கிறது. முதலிரண்டையும் தொடங்கியவர்களே நாற்காலியில் இருந்தவர்கள் என்பது தற்செயலாக எனக்குப் படவில்லை.

எதையும் முடிந்தது என்று ஒப்புக்கொள்ளும் முன் இப்போது ஒரு சோதனை வைத்திருக்கிறேன். மனைவியைப் பக்கத்து அறையில் இருக்கச் சொல்லிவிட்டு, முதலில் கழற்றிப் பார்ப்பேன், பிறகுதான் மாட்டிப் பார்ப்பேன். காலையில் ஒரு முறை, தசை இறுக்கம் கூடும் மாலையில் ஒரு முறை, கை வியர்த்திருக்கும்போது ஒரு முறை, விளக்கை அணைத்துவிட்டு ஒரு முறை. நான்கிலும் கழன்றால்தான் அது வீட்டில் தங்கும். காலில் கட்டியிருக்கும், சிறுநீர் சேரும் பையின் குழாயடைப்பில் நைலான் வளையம் கட்டி, மேலே இழுத்தால் திறக்கும்படி செய்தது இந்தச் சோதனையில் மூன்று முறை தோற்று, நான்காவது முறை தேறியது. அது தேறிய அன்றுதான், இரண்டரை ஆண்டுக்குப் பிறகு, நான் தனியாக இருக்க அவள் தன் தங்கை வீட்டுக்குப் போய் மாலைவரை இருந்துவிட்டு வந்தாள்.

பாதம் ஃபுட்ரெஸ்டிலிருந்து நழுவாமல் இருக்கக் கட்டும் பட்டை மட்டும் இன்னும் அகப்படவில்லை. அவ்வளவு தூரம் குனிந்தால் நிமிர்வதற்கு, ஒரு கையை நாற்காலியின் பின்பிடியில் கொக்கிபோட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. மிஞ்சுவது ஒரு கை. ஒரு கையால் கழற்ற முடிகிறது, மாட்ட முடியவில்லை. அட்டையில் செய்த ஐந்தாவது மாதிரி இப்போது மேசைமேல் கிடக்கிறது.